சாமிக்கண்ணு வின்சென்ட்: கொட்டகை கண்ட சுதேசி

தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்று சுதேசியம் என்ற சொல்லைக் கேட்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கப்பலேயாகும். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து, பங்கு ஒன்று ரூ.25 வீதம் 40,000 பங்குகளாக ரூ.10 லட்சம் மூலதனம் திரட்ட முனைந்த வரலாற்றை இக்கரையில் அறியாதார் இலர். சரக்கு நம்முடையது, பிரயாணிகள் நம்மவர், ஏற்றிச் செல்லும் கலம் மாத்திரம் அன்னியனுடையது. இந்த அவமானத்தைத் துடைக்கவே அம்மகான் தம் வக்கீல் தொழிலையும், செல்வத்தையும், பின்னர் உடலையுமே ஈடாக வைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில், அப்பங்கு ஒன்றின் விலையாகிய ரூ.25-ஐயே மாதச் சம்பளமாகப் பெற்றுத் திருச்சிராப்பள்ளியில் காலங்கழித்து வந்த ஓர் இளைஞர் வேறொரு கலத்தை விலைக்கு வாங்கினார். அது கடலில் ஓடும் கலமன்று. வெள்ளைத் துணியின்மேல் உலகத்தையே ஓடச் செய்யும் ஒளிக்கலம். அவ்விளைஞரே பிற்காலத்தில் தென்னாட்டுச் சினிமாத் தொழிலுக்கு வழிகாட்டியெனப் போற்றப்பெற்ற ஸ்ரீ சாமிக்கண்ணு வின்சென்ட். நடிகர்களின் பெயரைக் குழந்தைகளும் அறிந்த நாட்டில், அந்நடிகர்களின் நிழல் விழுவதற்குத் திரை கட்டியவரின் பெயரைப் பெரியோரும் மறந்திருப்பது முறையன்று. அவர் வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லி, அதிலிருந்து இன்று நாம் கொள்ள வேண்டிய பாடத்தையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ரீ வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி கோயமுத்தூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெரும் பொருளோ, பரம்பரைச் சொத்தோ, சர்க்காரில் செல்வாக்கோ அவருக்கு இருந்ததில்லை. தென்னிந்திய ரெயில்வேயில், திருச்சிராப்பள்ளியில், படம் வரையும் குமாஸ்தாவாக அமர்ந்தார். அன்று ரெயில்வே உத்தியோகம் என்றால் நடுத்தரக் குடும்பத்தினருக்கு மோட்ச வாசல் போன்றது. மாதம் பிறந்தால் சம்பளம், ஊருக்குள் மதிப்பு. இவற்றை விட்டு வெளியே காலெடுத்து வைப்பவனை உற்றாரே பித்தன் என்று ஒதுக்குவர்.

சலனப் படம் என்பது அப்போது பத்து வயதுகூட நிரம்பாத குழந்தை. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக் கொண்டு முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். ஏழே மாதத்தில், 1896 ஜூலை 7-ஆம் தேதி, பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் அதே விந்தை அரங்கேறியது. ஆயினும் அதைக் கொணர்ந்தவர்களும், காட்டியவர்களும், பணம் எண்ணியவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியரே. நம்மவர் பார்த்து வாய் பிளந்தனர். அவ்வளவே அவர்களுடைய பங்கு.

1905-ஆம் ஆண்டில் துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் படப் பொறியுடனும் சில சுருள்களுடனும் தென்னாட்டில் சுற்றி வந்தார். திருச்சிராப்பள்ளிக்கு வந்த இடத்தில் அவர் உடல்நலங் குன்றியது. தாய்நாடு திரும்புவதற்காகத் தம் பொறியையும் படங்களையும் விற்றுவிட விரும்பினார். செய்தி ரெயில்வே குமாஸ்தா வின்சென்டின் செவிக்கு எட்டியது.

அவர் கேட்ட விலை ரூ.2,000-க்கும் மேற்பட்டது. மாதம் ரூ.25 சம்பளக்காரருக்கு அது ஏழாண்டு உழைப்பின் பலனுக்குச் சமம். உண்ணாமல் உடுக்காமல் ஏழாண்டு சேர்த்தாலன்றிக் கைகூடாத தொகை அது. வின்சென்ட் எப்படியோ திரட்டினார், வாங்கினார், ரெயில்வே உத்தியோகத்தையும் உதறினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

முத்துக் கரையில் பிறந்தவர்களுக்கு இச்செய்கையின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விடுவது வழக்கம். உள்ளே முத்திருக்கிறதோ, வெறுஞ் சதையிருக்கிறதோ, ஏலம் எடுப்பவனுக்குத் தெரியாது. கைப்பொருளைக் கொடுத்துவிட்டுத்தான் சிப்பியைத் திறக்க வேண்டும். அத்தகைய ஏலமொன்றையே வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் எடுத்தார். ஒரு வித்தியாசம்: சிப்பி ஏலத்தில் உடன் நிற்கப் பத்து வியாபாரிகள் இருந்தனர்; இவருக்கு முன் இவ்வழியில் சென்ற தமிழர் எவரும் இலர்.

வாங்கிய படங்களுள் முதன்மையானது ஏசுநாதரின் சரித்திரம். அதனையும் சில்லறைக் காட்சிகள் சிலவற்றையும் வைத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளியிலேயே தம் முதற் காட்சிகளை நடத்தினார். பின்னர்ப் பொறியையும், திரையையும், கூடாரத்தையும் ரெயிலில் ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்பாண்டி நாட்டையும் மலையாள நாட்டையும் கடந்து, வடக்கே பம்பாய், லாகூர், பெஷாவர் வரையிலும், பின்னர்ப் பர்மாவுக்கும் அவருடைய கூடாரம் சென்றது. கோயமுத்தூர்த் தமிழர் ஒருவர் ஆப்கானிஸ்தானத்தின் எல்லையோரத்தில் திரை கட்டிப் படங்காட்டினார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் நிமிர்கின்றது.

அத்தொழிலின் கஷ்டங்களை இன்று நாம் எளிதில் உணர மாட்டோம். அக்காலத்துப் படப்பொறி கையினால் சுற்றப்படுவது. சுற்றுபவன் கை தளர்ந்தால் திரையில் மனிதன் தள்ளாடுவான். கை விரைந்தால் மனிதன் பறப்பான். ஊர்களில் மின்சாரம் கிடையாது. வாயுக்களைக் கலந்து எரித்து, அச்சுவாலையில் சுண்ணாம்புத் துண்டைக் காய்ச்சி, அதன் வெண்ணொளியைக் கொண்டு படங்காட்டும் முறையே பல இடங்களில் வழங்கி வந்தது. படச்சுருளோ எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. 1897-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் தருமச் சந்தையொன்றில் படங்காட்டும் இடத்தில் மூண்ட தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துணிக்கூடாரத்தின் கீழ், நெருப்பையும் நெருப்புக்கிரையாகும் சுருளையும் அருகருகே வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஜனங்களின் உயிருக்குப் பொறுப்பேற்று இரவுதோறும் தொழில் நடத்துவது கோழைகளின் காரியமன்று.

படம் பேசாத காலம் அது. ஆகவே கொட்டகைகளில் ஒருவர் திரைக்கருகே நின்று கதையைத் தமிழில் உரக்கச் சொல்லுவார். அன்னிய நாட்டுப் படத்துக்கும் நம் ஜனங்களுக்கும் இடையே அக்குரலே பாலமாயிற்று. மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள் இருந்தன. ஆனால் அவ்வகுப்புகளைப் பிரித்தது காசு, பிறப்பன்று. தெருவில் ஒருவரையொருவர் தீண்டாதவர்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே இருட்டில், ஒரே திரையைப் பார்த்துச் சிரித்தனர், கண்ணீர் விட்டனர். ஆலயங்கள் பல மூடியிருந்த காலத்தில் கொட்டகையின் வாயில் திறந்திருந்தது. வியாபாரத்துக்காகவே திறந்தது என்பது உண்மையே. திறந்தது என்பதும் உண்மையன்றோ?

1909-ஆம் ஆண்டில் வின்சென்ட் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடில் கூடாரம் அமைத்தார். படத்துடன் கிராமபோன் இசைத்தட்டையும் இணைத்து ஓட்டும் புதுமையை அங்கே காட்டினார். எடிஸனின் பெயரைத் தாங்கிய அவருடைய சினிமா மெகபோன் காட்சியைக் காணக் கூட்டம் திரண்டது. அத்துடன் அவர் நிற்கவில்லை. பிரான்ஸ் தேசத்துப் பதே கம்பெனியின் படப்பொறிகளைத் தருவித்து விற்கும் ஏஜென்சியையும் மேற்கொண்டார். தாம் கற்ற வித்தையைத் தம்மோடு பூட்டி வைத்துக்கொள்ளாமல், பொறி வேண்டுவோருக்குப் பொறி கொடுத்து, தொழில் பலர் கையில் பரவ ஏதுவாயினார். கப்பலைத் தாம் ஓட்டியதோடு பிறருக்கும் கப்பல் வாங்கிக் கொடுத்த மாலுமி என்று அவரைச் சொல்லலாம்.

நாடோடியாகத் திரிந்த கூடாரத்துக்கு 1914-ஆம் ஆண்டில் நிலையான கூரை கிடைத்தது. தம் பிறந்த ஊராகிய கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் தியேட்டர் எனப் பெயர் மாறியது. ஆயினும் அது நின்ற வீதி இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்குகின்றது. மன்னர்களின் பெயரையும் கலெக்டர்களின் பெயரையும் தாங்கிய வீதிகள் பல உண்டு. ஒரு படக்கொட்டகையின் பெயரைத் தாங்கிய வீதி அருமையே.

கொட்டகை நடத்த மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை. யாராவது கொண்டுவரட்டும் என்று வின்சென்ட் காத்திருக்கவில்லை. தாமே யந்திரம் வைத்து உண்டாக்கினார். அதே சக்தியைப் பயன்படுத்தி 1916-ஆம் ஆண்டில் மின்சார அச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரிசி, மாவு அரைக்கும் ஆலையும் எழுந்தது. படங்காட்ட வந்த ஒளி, நூல் அச்சிட்டது, அரிசியும் அரைத்தது. தொழிலொன்று நம் கையில் இருக்குமானால் அதிலிருந்து கிளைவிடும் தொழில்களும் நம் கையிலேயே இருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதற்கிடையே நாட்டில் படம் பிடிக்கும் கலையும் வேரூன்றியது. 1913-இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கே ராஜா ஹரிச்சந்திரா படத்தை வெளியிட்டார். சென்னையில் ஸ்ரீ ஆர். நடராஜ முதலியார் கீசக வதத்தை எடுத்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி காளிதாஸ் வெளிவந்து, திரையில் தமிழ் ஒலித்தது. டாக்கியின் காலம் பிறந்ததும் வின்சென்ட் படத் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவின் பயனீர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து 1933-இல் வள்ளி திருமணம் எடுத்தார். வள்ளியாக நடித்தவர் ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி. படம் பெரும் வெற்றி கண்டது. கிறிஸ்தவர் ஒருவர் முருகன் கதையைப் படமாக்கித் தமிழ்நாட்டுக்கு அளித்ததில் அன்று எவரும் குறை காணவில்லை. நம் நாட்டின் இயல்பான நாகரிகம் அதுவே. தொடர்ந்து வேறு புராணப் படங்களும் வந்தன. கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ தொடங்கப்பட்டபோது அம்முயற்சியில் ஈடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். இவ்வாறு படங்காட்டுதல், பொறி விற்றல், கொட்டகை கட்டுதல், படமெடுத்தல், ஸ்டுடியோ அமைத்தல் என்ற எல்லாப் படிகளையும் ஏறிக் கடந்தபின், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஐம்பத்தொன்பதாவது வயதில் அவர் காலமானார்.

இவரைச் சுதேசி என்று அழைக்கலாமா என்று தேசத் தொண்டர்கள் சிலர் ஐயுறக்கூடும். அவர் சிறை சென்றாரில்லை. காட்டிய படங்களுள் பெரும்பாலன அன்னிய நாட்டுப் படங்களே. பொறியும் பிரான்ஸிலிருந்து வந்ததே. லாபத்துக்காகத் தொழில் நடத்தியவர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் சிதம்பரனார் வாங்கிய கப்பல்களும் இந்நாட்டில் கட்டியவையல்லவே! காலியாவும் லாவோவும் ஐரோப்பாவிலிருந்து வந்து 1907-இல் இத்துறைமுகத்தை அடைந்தவையே. கலம் எங்கே கட்டப்பட்டது என்பதைவிட, அது யாருடைய உத்தரவின்படி ஓடுகின்றது என்பதே சுதேசியத்தின் உயிர்நிலை.

இதை அன்னிய ஆட்சியினர் நம்மவரைக் காட்டிலும் நன்கு அறிந்திருந்தனர். 1918-ஆம் ஆண்டிலேயே சினிமாச் சட்டம் இயற்றிக் கொட்டகைக்கு லைசென்ஸும், படத்துக்குத் தணிக்கையும் விதித்தனர். 1939-இல் வெளிவந்த தியாக பூமி தேசீய உணர்ச்சியைக் கிளறியதைக் கண்டு, மறு ஆண்டே அதைத் தடை செய்தனர். படம் எடுப்பதால் மட்டும் எவருக்கும் ஆபத்தில்லை. அது ஜனங்களின் கண்ணெதிரே திரையில் விழும்போதுதான் அதற்கு வலிமை பிறக்கிறது. ஆகையால் திரையைக் கைக்குள் வைத்திருப்பவனே படத்தின் கதியை நிர்ணயிக்கிறான்.

இங்கேதான் வின்சென்டின் வரலாறு நம் காலத்தைத் தொடுகின்றது. அன்னியன் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. படமெடுக்கும் கருவி இன்று மாணவனுக்கும் எட்டும் பொருளாகிவிட்டது. சிறு பொருளைக் கொண்டு, நட்சத்திரங்களின் துணையின்றி, நம் ஜனங்களின் வாழ்வை உள்ளபடி காட்டும் படங்களை இளைஞர்கள் எடுக்கின்றனர். அப்படங்களுக்குக் கொட்டகை எங்கே? பெரும் படமொன்று வந்தால் ஊரின் திரைகள் யாவும் அதற்கே போய்விடுகின்றன. சிறு படத்துக்குக் காலைக் காட்சியொன்று கிடைப்பதும் அரிது. கிடைத்தாலும், செய்தி ஊருக்குள் பரவுமுன்னரே படம் எடுக்கப்பட்டுவிடுகின்றது.

இக்கரையைப் பற்றிய இரு படங்களையே எடுத்துக்கொள்வோம். சிதம்பரனாரின் வாழ்வை 1961-இல் ஸ்ரீ பி. ஆர். பந்துலு கப்பலோட்டிய தமிழன் என்ற படமாக்கினார். தலைமுறைகள் போற்றும் அப்படம் வெளிவந்த காலத்தில் வசூலில் வெற்றி காணவில்லை. ஆண்டுகள் பல சென்று, மீண்டும் மீண்டும் காட்டப்பட்டதனால்தான் அது ஜனங்களின் நெஞ்சில் இடம் பெற்றது. தனுஷ்கோடி மீனவரின் துயரைக் கூறும் செங்கடல் என்ற படத்துக்கு 2011-இல் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டில் அதற்கு அனுமதி அளித்தது. அத்தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அனுமதி பெற்றபின்னும் அத்தகைய படம் ஒன்று தான் பேசும் மீனவனின் கண்ணுக்கு எட்ட வேண்டுமானால், அவனூரில் ஒரு திரை வேண்டும். அதை விரிக்க ஒரு வின்சென்ட் வேண்டும்.

அண்டை மாகாணமாகிய கேரளத்தைப் பாருங்கள். 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்திரலேகா என்ற பிலிம் சொஸைட்டி தொடங்கிற்று. ஊர்தோறும் அத்தகைய சங்கங்கள் எழுந்து, பழைய படங்களையும், உலகத்தின் சிறந்த படங்களையும், தம் நாட்டு இளைஞர் எடுத்த படங்களையும் விடாது காட்டி வந்தன. கேரள சர்க்கார் தன் சினிமா வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாகச் சொந்தத் தியேட்டர்களும் நடத்துகிறது. பார்க்கும் கூட்டத்தை முதலில் பழக்கினர். நல்ல படங்கள் பின்னே வந்தன. நம் நாட்டிலும் சென்னை போன்ற நகரங்களில் இம்முயற்சிகள் உண்டு. ஆனால் துறைமுகப் பட்டினங்களுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும் அவை தொடர்ச்சியாக எட்ட வேண்டும்.

தூத்துக்குடி இதற்குத் தகுதியற்ற ஊரன்று. 1876-ஆம் ஆண்டிலேயே ரெயில் வந்த ஊர் இது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரையில், சென்னையிலிருந்து ரெயிலில் வந்து கொழும்புக்குக் கப்பலேறுவோர் இவ்வூர் வழியாகவே சென்றனர். உலகத்தின் காற்று முதலில் வீசும் வாசல் துறைமுகமே. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. முத்து விளைந்த பார்கள் வறண்டதற்குக் கடல் காரணமாக இருக்கலாம். நம் ரசனை வறண்டால் அதற்கு நாமே காரணம்.

செய்ய வேண்டுவது பெரிதன்று. தொண்டர்கள் இருபது பேர் கூடிச் சங்கமொன்றை அமைக்கட்டும். ஆண்டுச் சந்தா வைக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தையோ, கூட்டமில்லாத நாளில் ஒரு தியேட்டரையோ வாடகைக்கு எடுத்து, வேண்டிய உத்தரவுகளையும் உரியவரின் சம்மதத்தையும் முறைப்படி பெற்று, ஒரு பழைய படத்தையும் ஒரு புதிய சிறு படத்தையும் காட்டட்டும். அடுத்த மாதம் வரப்போகும் படத்தின் பெயரை முன்கூட்டியே ஊரறியச் செய்யட்டும். கடற்கரைத் தெருக்களிலும் உப்பளத் தொழிலாளர் வாழும் பகுதிகளிலும் திரை கட்டத் தயங்க வேண்டாம். படம் முடிந்தபின் ஜனங்கள் அமர்ந்து பேசட்டும். முதல் மாதம் முப்பது பேர் வந்தால் போதும்.

முத்துக்குளிப்பில் மூழ்குபவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. எஞ்சியவை சர்க்காருக்குப் போயின. மூச்சடக்கி மூழ்கியவனுக்குச் சிறு பங்கு, கரையில் நின்றவனுக்குப் பெரும் பங்கு. இன்று கைப்பொருளை இழந்து படமெடுக்கும் இளைஞனுக்கு அப்பங்குகூடக் கிடைப்பது அருமையாகிவிட்டது. அவனுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, டிக்கெட் வாங்கி அவன் படத்தின் முன் அமர்வதே.

இருபத்திரண்டு வயதில் ஏழாண்டுச் சம்பளத்தைக் கொடுத்துத் தெரியாத பெட்டியொன்றை வாங்கிய ரெயில்வே குமாஸ்தாவுக்கு முன்மாதிரி எவரும் இருந்ததில்லை. நமக்கு அவர் இருக்கிறார். கப்பல் கண்ட ஊரில் ஒரு திரை எழட்டும்.